கைதியின் சோற்றில் அல்ல, ஜெயில் கதவில் கை வையுங்கள்!

பட்ஜெட் காலம் வந்தால் சர்க்காருக்குச் சிக்கன ஞானம் பிறந்துவிடுகிறது. கஜானா காலி, கடன் தலைக்குமேல், வட்டி கட்டவே வருமானம் போதவில்லை என்று நிதி மந்திரிகள் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். எந்த மாநிலமானாலும், எந்தக் கட்சி ஆட்சியானாலும் இந்தப் பாட்டுக்கு மெட்டு ஒன்றுதான். பாட்டு முடிந்ததும் கத்தரிக்கோல் வெளியே வருகிறது. பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கும் வரிச் சலுகையை அந்தக் கத்தரிக்கோல் தொடுவதில்லை. யாருக்கு வாய் இல்லையோ அவர்கள் பக்கமே அது திரும்புகிறது. கைதியைவிட வாயில்லாதவன் யார்? அவனுக்கு ஓட்டுக்கூடக் கிடையாது. தண்டனை பெற்றவனுக்கு மட்டுமல்ல, விசாரணைக்காக அடைத்து வைக்கப்பட்டிருப்பவனுக்கும் தேர்தல் நாளில் ஓட்டு இல்லை.

ஜெயில் என்பது அரசியல் சட்டப்படி மாநில சர்க்காரின் பொறுப்பு. கைதிகளுக்கு மூன்று வேளைச் சோறு, உடுப்பு, மருந்து; வார்டர்களுக்குச் சம்பளம்; மதிலுக்கும் கொட்டடிக்கும் பழுது வேலை; கோர்ட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வண்டி, அதில் துப்பாக்கியோடு வழிக்காவல் போலீஸ் — எல்லாம் ஜனங்களின் வரிப் பணம். சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் நாம் கட்டுகிற வரியில் ஒரு துளி அந்த மதிலுக்குள் போகிறது. ஆகவே ஜெயில் செலவைப் பற்றிப் பேச மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் முழு உரிமை உண்டு. அந்தச் செலவைக் குறைக்க வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். எங்கே குறைப்பது என்பதில்தான் ஆளவந்தார்களுக்கும் நமக்கும் தகராறு.

யார் உள்ளே இருக்கிறார்கள்?

2022ஆம் ஆண்டு முடிவில் இந்திய தேசத்து ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அந்த ஜெயில்களில் இருந்த இடமோ 4,36,266 பேருக்கு. நூறு பேர் படுக்கவேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தொரு பேர். இது நாம் போட்ட கணக்கல்ல. மத்திய சர்க்காரின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே வெளியிட்டது. இதைப் பார்த்ததும் அதிகாரிகளுக்கு உடனே தோன்றுவது என்ன? இன்னும் புது ஜெயில் கட்ட வேண்டும், அதற்கு இத்தனை கோடி ஒதுக்க வேண்டும் என்பதுதான். காண்டிராக்டர்களுக்கும் அதுவே இனிக்கும்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. அந்த 5,73,220 பேரில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302 பேர். அதாவது நாலில் மூன்று பேர், எந்தக் கோர்ட்டும் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லாதவர்கள். வாசகர்கள் இந்த எண்ணையும் மேலே சொன்ன இட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4,36,266 இடம்; 4,34,302 விசாரணைக் கைதி. தேசத்து ஜெயில்கள் மொத்தத்தையும் தீர்ப்பாகாதவர்களே ஏறத்தாழ நிரப்பிவிட்டார்கள்! தண்டனை பெற்றவனை எங்கே வைப்பது? அவனுக்காகத்தான் புது ஜெயில் கேட்கிறார்கள் போலும்.

இவர்கள் யார்? பாங்குகளுக்கு ஆயிரக்கணக்கான கோடி பாக்கி வைத்தவர்களா? அவர்களில் சிலர் விமானம் ஏறிப் போனதை ஊரே பார்த்தது. உள்ளே இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட ஜாதி மக்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்களே மிகுதி. நம் தெருக்காரர்கள் என்று சொன்னால் தப்பில்லை.

தமிழ்நாட்டு ஜெயில்கள் வடக்கே உள்ளவை போல நெரியவில்லை என்பது வாஸ்தவம். இங்கே மொத்தத்தில் இடம் இருக்கிறது. ஆனால் இடம் இருப்பதால் செலவு இல்லாமல் போய்விடவில்லை. இங்கும் உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தீர்ப்பாகாதவர்கள்தான். போதாக்குறைக்கு, விசாரணையே இல்லாமல் அடைத்து வைப்பதில் தமிழ்நாடு தேசத்துக்கே முதலிடம் வாங்கியிருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

வீட்டு வரி ரசீது

2019ல் விவசாயத் தொழிலாளர்களின் கூலி பாக்கிக்காக மறியல் செய்து நாமும் சில தோழர்களும் பதினைந்து நாள் ரிமாண்டில் இருந்தோம். ஜெயிலின் பெயர் இங்கே அவசியமில்லை. எல்லா ஜெயிலிலும் இதுதான் கதை. பக்கத்துக் கொட்டடியில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயக் கூலி இருந்தார். வயலில் இருந்த பம்பு செட்டின் செப்பு ஒயரை அறுத்தார் என்று கேஸ். ஒயரின் விலை மூவாயிரம் ரூபாய் என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தது. போலீஸார் ஒயரைக் கைப்பற்றிக் கோர்ட்டில் ஒப்படைத்தும் விட்டார்கள். நாம் உள்ளே போனபோது அவர் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"ஜாமீனுக்குப் போடலையா தம்பி?" என்று கேட்டோம்.

"போட்டு, குடுத்தும் குடுத்துட்டாங்கண்ணே, இருபதாம் நாளே. கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்ல" என்றார்.

அதாவது கோர்ட்டு அவரை வெளியே விடலாம் என்று உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். ஜாமீன்தாரர் வெறுங்கையோடு வந்தால் ஆகாது. வீட்டு வரி ரசீது வேண்டும், சொத்து மதிப்புச் சான்று வேண்டும், அந்தச் சொத்தும் உள்ளூரில் இருக்க வேண்டும். இவர் குடியிருந்ததோ வாய்க்கால் புறம்போக்கில். அவருடைய அண்ணன், மச்சான், மாமனார் எல்லாரும் அதே புறம்போக்கில். பட்டா இல்லாதவனுக்கு வரி ரசீது எங்கிருந்து வரும்? ஊரில் வீட்டு வரி ரசீது வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர், கூலி உயர்வு கேட்டதற்காக இவர்கள் சேரியோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியவர்கள். அவர்களா வந்து கையெழுத்துப் போடுவார்கள்?

மில் தொழிலாளித் தோழர்கள், இது கிராமத்துச் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் உங்களில் எத்தனை பேரிடம் சொந்தப் பெயரில் வரி ரசீது இருக்கிறது? இருபது வருஷம் ஒரே மில்லில் ஸ்பின்னிங்கில் நின்றாலும், ஜாமீன் என்று வரும்போது உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. மதிப்பு உங்கள் வீட்டுக்காரருடைய கையெழுத்துக்குத்தான்.

கோர்ட்டு வாசலில் இதற்கென்றே புரோக்கர்கள் உண்டு. காசு கொடுத்தால் ஜாமீன்தாரர் தயார். அவர் யாரென்று கைதிக்குத் தெரியாது, கைதி யாரென்று அவருக்கும் தெரியாது. ஆக, முன்பின் தெரியாதவனுடைய வாடகைக் கையெழுத்துச் செல்லும். கூடப் பிறந்த அண்ணனுடைய கையெழுத்துச் செல்லாது. கைதி ஓடிப் போகாமல் இருக்கத்தான் ஜாமீன் என்கிறார்களே, ஓடிப்போனால் யார் தேடிப் பிடித்துவருவான்? அண்ணனா, வாடகை ஆளா?

நாம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூவாயிரம் ரூபாய் ஒயருக்காக, அதுவும் திரும்பக் கிடைத்துவிட்ட ஒயருக்காக, ஒரு ஆளை நாலு மாதம் சோறு போட்டு, காவல் காத்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வண்டியில் இரண்டு போலீஸைக் கூட அனுப்பி வாய்தாவுக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறது சர்க்கார். வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை என்று இரண்டு வாய்தா தவறியும் போயிருக்கிறது. அவர் வெளியே இருந்திருந்தால் அந்தப் பருவத்தில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று சம்பாதித்திருப்பார். மனைவி கூலிக்குப் போனதில் பாதி, மனு போட்டுப் பார்க்க வருகிற பஸ் கட்டணத்துக்கே போயிற்று. மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டு ஆடு மேய்க்கப் போய்விட்டான். பட்ஜெட்டில் இந்தச் செலவெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது?

ஊசி போகிற இடத்தைப் பார்க்கிறவனுக்கு உலக்கை போகிற இடம் தெரிவதில்லை என்பார்கள். கைதியின் குழம்பில் பருப்பைக் குறைக்க அதிகாரிகள் கூடிப் பேசுகிறார்கள். உள்ளே இருக்கவேண்டிய அவசியமே இல்லாதவனுக்காக எரிகிற அடுப்பை யாரும் பார்ப்பதில்லை.

கொத்தனார் மோதிராம்

இது நம்முடைய புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1978லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் ஒரு ஏழைக் கொத்தனார். அவரை ஜாமீனில் விடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டது. கீழ்க் கோர்ட்டு மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். 1978ன் பத்தாயிரம்! அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவர் வேறு ஜில்லாக்காரர், சொத்தும் வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். கொத்தனார் மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே அந்த மனுவை விசாரித்தவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். ஏழைக்கு ஏழையின் சக்திக்கு ஏற்றபடிதான் ஜாமீன் கேட்க வேண்டும், சொந்தப் பொறுப்புச் சீட்டிலேயே விடலாம், வேறு ஜில்லா என்று சொல்லித் தள்ளக்கூடாது என்று தீர்ப்பளித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு விடச் சொன்னார்.

கிருஷ்ணய்யருக்கு ஜெயில் என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் படித்த விஷயமல்ல. 1948ல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்ற பெயரில் வக்கீலாக இருந்தபோதே ஒரு மாதம் உள்ளே இருந்தவர். 1957ல் கேரளத்தில் அமைந்த இ. எம். எஸ். மந்திரி சபையில் ஜெயில் இலாகாவும் அவர் கையில்தான் இருந்தது. உள்ளே இருந்தும் பார்த்து, நிர்வாகம் செய்தும் பார்த்த மனிதர் எழுதிய தீர்ப்பு அது.

அடுத்த வருஷமே, 1979ல், பீகார் ஜெயில்களின் கதை ஹுஸைனாரா காத்தூன் வழக்கில் வெளியே வந்தது. குற்றம் ருசுவானால் எத்தனை வருஷம் தண்டனை கிடைக்குமோ அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பெண்கள் இருந்தார்கள், சிறுவர்கள் இருந்தார்கள். விரைவான விசாரணை ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படை உரிமை என்று கோர்ட்டு சொல்லிற்று.

தீர்ப்புகள் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. புறம்போக்கில் குடியிருக்கும் கூலிக்கு என்ன கிடைத்தது? ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும், ஜாமீன்தாரர் கிடைக்காமலும் பணம் கட்ட முடியாமலும் ஜெயிலிலேயே கிடந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் என்று தேசிய சட்டப் பணி ஆணைக்குழு கணக்கெடுத்து சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு புதிய உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே போகாதவர்களின் விவரத்தை ஜெயில் சூப்பிரண்டு மாவட்டச் சட்டப் பணி ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் முடியாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் கூடாது. நல்ல உத்தரவு. இதை நம் ஊர்க் கோர்ட்டுகளில் எத்தனை வக்கீல்கள் எடுத்து வாசிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அதே 2023ல் மத்திய சர்க்கார் ஏழைக் கைதிகளுக்கு உதவி என்று ஒரு திட்டம் அறிவித்தது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை சர்க்காரே கட்டும் என்று அப்போது சொன்னார்கள். கலெக்டர் இடம்பெற்ற மாவட்டக் கமிட்டி. திட்டம் வந்தது, பணமும் ஒதுக்கினார்கள். மிகச் சிலருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கமிட்டிக்கு மனு எழுதக் கைதிக்குத் தெரியாது, எழுதிக்கொடுக்க ஆளில்லை. அதோடு ஒன்று கவனிக்க வேண்டும்: முதலில் கட்ட முடியாத தொகையைக் கேட்பது, பிறகு அதே தொகையைச் சர்க்கார் பணத்தில் சர்க்காரே கட்டுவது! இந்தச் சுற்று வழி எதற்கு? கேட்காமலே விட்டுவிடலாமே.

1 ஜூலை 2024 முதல் புதுச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. முதல் தடவையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கான உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் அவரை விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய கேஸ்களுக்கு இது பொருந்தாது. பழைய கேஸ்களுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது. ஆனால் சட்டத்தில் ஒரு பொந்து வைத்திருக்கிறார்கள்: ஒருவர்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட கேஸ் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஒரு கேஸை மூன்றாக்குவது போலீஸ் ஸ்டேஷனில் எவ்வளவு சுலபம் என்பது சங்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் அந்தப் புதுச் சட்டத்தில் இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடியதாக முதல் தடவை தண்டனை பெறுகிறவர், பொருளை அல்லது அதன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குத் தண்டனை ஜெயில் அல்ல, சமூக சேவைதான். நம் பக்கத்துக் கொட்டடித் தோழரின் ஒயர் மூவாயிரம் ரூபாய் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குற்றம் ருசுவானாலும் இன்றைக்கு ஒரு நாள்கூட உள்ளே இருக்க வேண்டாத காரியத்துக்கு அவர் 2019ல் மாதக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறார்! சட்டம் மாறியது நல்லதுதான். ஆனால் மூவாயிரத்தை ஆறாயிரம் என்று எழுத ஒரு பேனா போதும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குண்டர் சட்டக் கணக்கு

விசாரணையே இல்லாமல் அடைப்பதில் நமக்கு முதலிடம் என்று சொன்னோம். 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம், ஜனங்கள் வாயில் 'குண்டாஸ்', அதன்படி கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ ஒரு உத்தரவு போட்டால் ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை அடைத்து வைக்கலாம். கோர்ட்டில் குற்றம் ருசுவாக வேண்டிய அவசியமில்லை. 2022 முடிவில் தேசத்து ஜெயில்களில் இருந்த தடுப்புக் காவல் கைதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழ்நாட்டு ஜெயில்களில் இருந்தார்கள். உயர்நீதிமன்றத்துக்குப் போனால் இந்த உத்தரவுகள் அடிக்கடி ரத்தாகின்றன: காகிதம் சரியாகக் கொடுக்கவில்லை, மனுவைக் காலத்தில் பரிசீலிக்கவில்லை, உத்தரவு போட்டவர் யோசித்துப் போடவில்லை. ரத்தாவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களின் சோறும் காவலும் யார் செலவு? உத்தரவு போட்ட அதிகாரியின் சம்பளத்திலிருந்தா பிடிக்கிறார்கள்?

மெய்யான ரவுடிகளை, ஆள் வைத்துக் கொலை செய்கிறவர்களை விட்டுவிடச் சொல்கிறோம் என்று யாரும் திரித்துப் பேச வேண்டாம். அவர்கள்மேல் கேஸ் நடத்துங்கள், சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கொடுங்கள், தண்டனை வாங்கிக் கொடுங்கள். அவர்களை வளர்த்துவிட்டவர்கள் யார், எந்த மணல் லாரியின் பின்னால், எந்தக் கந்துவட்டிக் கடையின் பின்னால் அவர்கள் நிற்கிறார்கள் என்பதையும் கண்டுபிடியுங்கள். விசாரணை நடத்தும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக ஜெயிலை நிரப்புவது சிக்கனமும் அல்ல, நியாயமும் அல்ல.

மிச்சம் பிடிக்கும் லட்சணம்

கைதிகளின் எண்ணிக்கையைக் குறைக்க மனமில்லாத சர்க்கார்கள் வேறு எதில் மிச்சம் பிடிக்கின்றன? முதலில் ஆட்களில். தேசத்து ஜெயில்களில் அனுமதிக்கப்பட்ட வேலைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலி. வார்டரும் ஒரு தொழிலாளிதான். இரண்டு பேர் பார்க்க வேண்டிய டூட்டியை ஒருவர் பார்க்கிறார். தூக்கமில்லை, லீவு இல்லை. அந்த எரிச்சல் கைதியின் முதுகில் இறங்குகிறது. டாக்டர் இடமும் காலி. உள்ளே நோய் முற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கும் காவல், அங்கும் செலவு.

அடுத்தது கைதியின் உழைப்பில். ஜெயிலில் நெசவு உண்டு, தச்சு உண்டு, ரொட்டி அடுப்பு உண்டு. வேலை செய்யும் கைதிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் சோற்றுக்கும் துணிக்கும் ஆன செலவை அதில் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. மில்லில் மெஸ் பிடித்தம் போலத்தான். மெஸ்ஸை மாற்றிக்கொள்ள மட்டும் வழியில்லை. கக்கூஸ் கழுவவும் கூட்டிப் பெருக்கவும் சம்பளத்துக்கு ஆள் வைப்பதற்குப் பதில், தாழ்த்தப்பட்ட ஜாதிக் கைதியை அந்த வேலைக்கு ஏவுவது எத்தனையோ மாநிலங்களின் ஜெயில் விதியிலேயே எழுதியிருந்தது! 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதிகளைச் செல்லாது என்று அடித்தது. அந்த வழக்கில் பாளையங்கோட்டை ஜெயிலில் ஜாதி வாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்த விஷயமும் வந்தது. பெரியார் பிறந்த மாநிலத்துக்கு இது பெருமையா?

டெக்சாஸ்காரர்களின் கணக்கு

கைதிகளைக் குறைத்தால் செலவு குறையுமா, இது கம்யூனிஸ்டுகளின் கனவல்லவா என்று கேட்பவர்களுக்கு முதலாளித்துவத்தின் தலைப்பீடத்திலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் கைதிகளிடம் இரக்கம் காட்டுவதில் பேர் போனதல்ல. 2007ல் அங்கே அதிகாரிகள் ஒரு கணக்கு வைத்தார்கள்: 2012க்குள் இன்னும் 17,000 கைதிகளுக்கு இடம் வேண்டும், சுமார் 200 கோடி டாலர் ஆகும் என்று. சட்டசபை மலைத்துப்போயிற்று. புது ஜெயில்களுக்குப் பதிலாக 24 கோடியே 10 லட்சம் டாலரைப் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை, கண்காணிப்பில் வெளியே விடுதல் போன்றவற்றுக்கு ஒதுக்கியது. புது ஜெயில் தேவைப்படவில்லை. 2011ல் சுகர் லேண்ட் என்ற ஊரில் இருந்த பழைய ஜெயிலை மூடினார்கள். அந்த மாநிலத்தின் சரித்திரத்திலேயே முதல் ஜெயில் மூடல் அது. ஊரின் பெயரைக் கவனியுங்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, கைதிகளைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கிய பூமி அது.

அங்கேயே இன்னொரு பாதையும் உண்டு. 2012ல் அந்த நாட்டின் மிகப் பெரிய தனியார் ஜெயில் கம்பெனி 48 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: பணக் கஷ்டத்தில் இருக்கிறீர்களே, உங்கள் ஜெயில்களை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், இருபது வருஷ ஒப்பந்தம், ஆனால் ஜெயில் எப்போதும் நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பியிருக்க நீங்கள் உறுதி தர வேண்டும்! மில்லுக்குப் பஞ்சு சப்ளை செய்வதுபோல ஜெயிலுக்கு மனிதர்களைச் சப்ளை செய்ய ஒப்பந்தம். நம் தேசத்தில் தனியார் ஜெயில் இன்னும் வரவில்லை. பஸ்ஸையும் மின்சாரத்தையும் ஆஸ்பத்திரியையும் சிக்கனத்தின் பேரால் கம்பெனிகளுக்கு விடத் துடிப்பவர்கள் நாளைக்கு இதையும் கொண்டுவரலாம். இப்போதே கண் வைத்திருப்பது நல்லது.

நம் தேசத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கனேரில் 1963 முதல் திறந்தவெளிச் சிறை நடக்கிறது. தண்டனை பெற்ற கைதிகள் அங்கே குடும்பத்தோடு இருக்கிறார்கள், வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள், தங்கள் சோற்றைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். மதிலும் இல்லை, மதிலுக்கு மேல் துப்பாக்கிக்காரனும் இல்லை. கோயமுத்தூர்த் தோழர்களுக்குச் சிங்காநல்லூர் திறந்தவெளிச் சிறை தெரிந்திருக்கும். அதைப் பெரிதாக்க எந்தச் சர்க்காரும் மெனக்கெடவில்லை.

2020ல் கொரோனா வந்தபோது, ஜெயிலில் நோய் பரவும் என்று பயந்து, ஒவ்வொரு மாநிலத்திலும் கமிட்டி போட்டுக் கைதிகளை இடைக்கால ஜாமீனில் விடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கில் விட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. நோய்க்குப் பயந்து செய்ய முடிந்ததை நியாயத்துக்குப் பயந்து செய்ய முடியாதா? 2022 நவம்பர் 26ஆம் தேதி அரசியல் சட்ட தினத்தன்று ராஷ்டிரபதி திரௌபதி முர்மு நீதிபதிகள் முன்னிலையிலேயே கேட்டார், முன்னேறுகிற தேசத்துக்கு இன்னும் இன்னும் ஜெயில் எதற்கு என்று. ஒரிசாவின் பழங்குடிக் கிராமத்திலிருந்து வந்தவருக்கு உள்ளே கிடப்பவர்கள் யார் என்று தெரிந்திருக்கிறது.

எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது தானே அடங்கும். ஜாமீன் உத்தரவு வாங்கியும் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு ஜெயிலும் மாதாமாதம் வெளியிட வேண்டும். சொத்து இல்லாதவரைச் சொந்தச் சீட்டில் விட வேண்டும். ஜாமீன்தாரர் வேண்டுமென்றால் பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் கையெழுத்தை, உடன் வேலை செய்கிறவரின் கையெழுத்தை ஏற்க வேண்டும். குண்டர் சட்ட உத்தரவு ரத்தானால் காரணம் கேட்கப்பட வேண்டும். மிச்சமாகும் பணத்தில் காலியிடங்களை நிரப்புங்கள், டாக்டரை வையுங்கள். சட்டசபையில் ஜெயில் இலாகாவின் மானியக் கோரிக்கை வரும் நாளில் நம் பிரதிநிதிகள் இதை எழுப்ப வேண்டும்.

சட்டசபை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கிளையில், உங்கள் தெருவில், யாராவது ஜாமீன் கிடைத்தும் வராமல் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணி ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. அங்கே மனுவுக்குக் காசு கிடையாது. 2023ன் உத்தரவையும் மோதிராம் தீர்ப்பையும் வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்துக்கு மாவட்டக் கமிட்டியிடம் மனு கொடுங்கள்.

அந்த ஒயர் கேஸ்காரரை ஐந்தாவது மாதத்தில் வெளியே கொண்டுவந்தோம். சங்கத்தில் இருந்த இரண்டு சிறு விவசாயிகள் வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட்டார்கள். கேஸ் அதோடு தீர்ந்துவிடவில்லை, வருஷக்கணக்கில் நீண்டது. வாய்தா வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். பையனை மட்டும் மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.